தமிழ் மறவனைப் படம் பிடிப்போம்

பட்டாம்பூச்சியைக் கண்டதும் கைநீட்டிப் பிடிக்க விழைவது இளமையின் இயல்பு. பிடித்த விரல்களில் எஞ்சுவதோ சிறகின் செதிள்களே. கொல்லாமல் கொள்ளும் வழியும் ஒன்று உண்டு. அதுவே ஒளிப்படக் கலை.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் 'தமிழ் மறவன்' என்னும் செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சியை, 2019-இல் தமிழக அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. இதனைப் படமெடுக்குமுன் நாம் இதன் இயல்பை அறிதல் வேண்டும். கதிரவனின் வெம்மை உடலில் ஏறிய பின்னரே பட்டாம்பூச்சி நன்கு பறக்கவல்லது. ஆகவே, அது சிறகு விரித்துக் குளிர்காயும் காலை இளவெயிலே படமெடுப்போர்க்கு ஏற்ற பொழுது. வெயில் ஏறியபின், ஓடைக்கரை ஈரமணலில் ஆண் பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உப்புச் சத்தை உறிஞ்சும். அவ்வேளை உடல் தாழ்த்தி, நம் நிழல் அவற்றின்மேல் விழாவண்ணம் மெல்ல அணுகுதல் வேண்டும். சிறகின் பரப்புக்கு இணையாகக் காமிராவைப் பிடித்தால் சிறகு முழுதும் தெளிவாகப் பதியும்.

பூச்சி அசையாதிருக்கும்பொருட்டு, அதனைக் குளிரூட்டி மரத்துப்போகச் செய்து படமெடுப்போரும் உளர். அப்படம் எத்துணை அழகாயினும் பொய்ச்சான்றே ஆகும். காத்திருந்து பெற்ற படம் சற்றே மங்கலாயினும் மெய். மாணவச் செல்வங்களே! படம் நம் கையில் இருக்கட்டும். மறவன் அவன் காட்டிலேயே இருக்கட்டும்.