கொல்லைப்புறக் கணக்கு – 17: புல்லுக்கு ஒரு நியாயம், தக்காளிக்கு ஒரு நியாயம்

வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டு புல்தரை, பக்கவாட்டில் நாலு தக்காளிச் செடி. புறநகரில் மனை வாங்கித் தனி வீடு கட்டியவர்கள் பலரிடம் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். ஒரே குழாய், ஒரே யூரியா டப்பா. சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டின் மேலும் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் புல்லில் அங்கங்கே சொட்டை விழுந்திருக்கும். தக்காளி தோள் உயரத்துக்குக் கருகருவென்று தழைத்திருக்கும். காயை மட்டும் தேடிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனி நோயாக நினைத்து மருந்துக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நோய் எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தியதன் விளைவு இது.

தக்காளியிடம் நாம் கேட்பது பழம். புல்லிடம் கேட்பது இலை, இலை மட்டும்தான். அருகு கதிர் விட்டால் “வெட்ட ஆள் வரவில்லையா?” என்கிறோம். தக்காளிக்கு வாழ்நாளே நாலரை மாதம். அதற்குள் வளர்ந்து, பூத்து, விதை வைத்து முடிய வேண்டும். புல்லையோ அந்தப் பாதையில் கால் வைக்கவே விடாமல் வருடக்கணக்கில் இலைப் பருவத்திலேயே நிறுத்தி வைக்கிறோம். இரண்டுக்கும் வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும் என்று எழுதி வைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எப்போது, எவ்வளவு, எந்த இடத்தில் என்று கேட்கும்போதுதான் தெரியும்.

முதலில் வெயில். தக்காளி சுலபம், புல்தரை வசதியானவர்கள் சமாசாரம் என்றொரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. செடியின் உடம்பைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்லும். புல்தரைக்கு நாம் அதிகம் போடுவது அருகு. வெளிநாட்டில் பெர்முடா என்ற பெயரில் கால்பந்து மைதானங்களில் கிடப்பதும் இதே இனம்தான். கரும்பு, மக்காச்சோளம், கம்பு போல இதுவும் சி-4 வகைத் தாவரம். கரியமில வாயுவை இலைக்குள் முதலில் திரட்டிக்கொண்டு, உள்ளே தனி அறைகளில் வைத்துச் சர்க்கரையாக்கும் வித்தை இவற்றுக்குத் தெரியும். அதனால் 35 டிகிரி வெயில் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. தக்காளி, நெல்லைப் போல சி-3 வகை. ஒரே அளவு உடல் எடை சேர்க்க சி-3 செடி செலவழிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி போதும் சி-4 செடிக்கு.

வெயிலை விடவும் தக்காளியைப் படுத்துவது இரவுப் புழுக்கம். இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேலேயே நின்றுவிட்டால் மகரந்தம் சரியாகத் தேறாது. பூ காம்போடு உதிரும். சென்னையில் மே மாத இரவுகள் பெரும்பாலும் 27 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அந்த மாதத்தில் பூ கொட்டுகிறது என்று டானிக் வாங்கி அடிப்பது வீண் செலவு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் கோடையிலும் தக்காளி எடுக்கிறார்கள் என்றால், கைராசி ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே இரவு குளிர்கிறது.

அடுத்தது கத்தரி. புல்லின் வளரும் முனை மண்ணை ஒட்டி அடியில் இருக்கிறது. இலையும் நுனியில் வளராது, அடியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டே வரும். மாடு மேய்ந்தாலும் இயந்திரம் வெட்டினாலும் போவது பழைய இலை. பிழைப்பு கீழே பத்திரமாக இருக்கிறது. அளவாக வெட்டினால் பக்கவாட்டில் ஓடி அடர்த்தியாகும். ஒரு தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது மட்டும்தான் விதி. பத்து நாள் வெட்டாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் மொட்டையடித்தால்தான் சொட்டை விழுகிறது. தக்காளிக்கு வளரும் முனை உச்சியில். பெரியகுளத்தில் வெளியிட்ட பிகேஎம் 1 போன்ற குட்டை ரகத்தில் அந்த உச்சியைக் கிள்ளினால், அடுத்து வரவேண்டிய பூங்கொத்தையும் சேர்த்துக் கிள்ளிவிட்டோம் என்று அர்த்தம்.

உரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாராவாரம் புல்லை வெட்டி அள்ளி வெளியே கொட்டும்போது மண்ணிலிருந்த தழைச்சத்தையும் சேர்த்துக் கொட்டுகிறோம். போனதைத் திருப்பிப் போட்டாக வேண்டும். நன்றாக வளரும் மாதங்களில் 100 சதுர அடி அருகுக்கு 100 கிராம் யூரியா வரை கேட்கும். வெட்டிய புல்லை அங்கேயே உதிர விட்டால் இதில் கால் பங்கு மிச்சம். இதே தாராளத்தைத் தக்காளியிடம் காட்டினால் அது காய்க்கிற வேலையை மறந்து இலை விடும். தக்காளிக்குத் தழைச்சத்தில் பாதியை அடியுரமாகவும், மீதியை நட்ட 30-ம் நாள் மண் அணைக்கும்போதும் கொடுத்தால் போதும். பூத்த பிறகு அது கேட்பது சாம்பல்சத்து. புல்தரைக்கென்று விற்கிற உரத்தைத் தக்காளிப் பாத்தியில் மறந்தும் போடாதீர்கள்.

தண்ணீருக்கு வருவோம். புல்லுக்கு வாரம் ஒரு அங்குல மழைக்குச் சமமான தண்ணீர் போதும். அதை இரண்டே தவணையில், மண் ஆழமாக நனையும்படி கொடுக்கலாம். இடையில் காயவிட்டால் வேர் கீழே இறங்கித் தேடும். தினமும் மேலாக்கில் தெளிப்பதுதான் கெடுதல். வேர் மேலேயே தங்கிவிடும், ஒரு வார வெயிலுக்குத் தாங்காது. தக்காளிக்கு இந்தக் காயப்போட்டு நனைக்கிற விளையாட்டு ஆகவே ஆகாது. காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போல் காய்ந்து அமுங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று யாரோ சொல்ல, தமிழ்நாடு முழுக்க முட்டை ஓடு இடிக்கிறார்கள். நம்மூர் மண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. அந்தச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். ஏறுகிற தண்ணீரை இலைகள் இழுத்துக்கொள்ளும். காய்க்குக் கிடைப்பது மிச்சம் மீதி. மூன்று நாள் காய்ந்து நாலாம் நாள் வெள்ளம் என்றால் அந்த மிச்சமும் இல்லை. பழுக்கும் நேரத்தில் அப்படிச் செய்தால் பழம் வெடிக்கும். ஈரம் ஒரே சீராக இருந்தாலே இரண்டு தொல்லையும் பெருமளவு அடங்கும். முட்டை ஓட்டை உரக்குழியில் போடுங்கள், மட்கட்டும்.

தண்ணீர் விழுகிற இடமும் முக்கியம். புல்லுக்கு மேலிருந்து தெளிக்கலாம், காலையில் என்றால் நல்லது. தக்காளி இலையில் சாயங்காலம் தெளித்த தண்ணீர் ராத்திரி முழுக்க நின்றால் இலைக்கருகல் வந்து குடியேறும். அதற்கு வேரடியில் சொட்டு நீர், மேலே மூடாக்கு.

மூடாக்கு என்றதும், வெட்டிய புல் இருக்கிறதே என்று தோன்றும். நல்ல யோசனைதான், புல்லைக் காயவைத்துப் போடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. புல்தரையில் களை எடுக்க 2,4-டி என்ற மருந்தை அடிக்கச் சொல்வார்கள். அகன்ற இலைக் களை சாகும், புல் பிழைக்கும் என்பது அதன் சிறப்பு. தக்காளியும் அகன்ற இலைச் செடிதான். அதிலும் இந்த மருந்துக்கு மிகவும் கூச்சப்படுகிற செடி. காற்றில் வருகிற சாரலே போதும், கொழுந்து முறுக்கிக்கொண்டு சுருளும். அதைப் பார்த்து வைரஸ் என்று முடிவு கட்டிப் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. மருந்தடித்த புல்லை மூடாக்காகப் போட்டாலும் அதே கதைதான். வேடிக்கை என்னவென்றால், தண்ணீரில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு என்ற நுண்ணிய அளவில் இதே மருந்து தக்காளிப் பூவில் காய் பிடிக்க வைக்கும் ஊக்கியாகவும் பயன்பட்டிருக்கிறது. வீட்டில் அந்த அளவெல்லாம் நம்மால் ஆகாது. களையைக் கையால் பிடுங்குங்கள்.

புல்தரை ஆசை வெள்ளைக்காரர் பங்களாக்கள் வழியாக வந்தது. இங்கிலாந்தில் மாதம் தவறாமல் மழை பெய்யும், புல் தானாக வளரும். ஆடு மேய்ந்தோ ஆள் வைத்து அறுத்தோ சமன் செய்துகொண்டிருந்தார்கள். துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறு வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் இயந்திரம் செய்து 1830-ல் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு சின்ன வீட்டுக்காரரும் புல்தரை வைத்துக்கொள்ள முடிந்தது. அங்கே தக்காளிக்குத்தான் கண்ணாடிக் கூடம் கட்ட வேண்டியிருந்தது. நாம் புல்தரையை எடுத்துக்கொண்டோம். அந்த மழையை எடுத்துவர வழியில்லை.

இனி கணக்கு. 100 சதுர அடி புல்லுக்கு வாரம் ஒரு அங்குலம் என்றால் 230 லிட்டருக்குக் கொஞ்சம் கூட, அதாவது பதினைந்து குடம். அதே இடத்தில் நடக்க வழி விட்டு இருபத்தைந்து தக்காளி வைக்கலாம். செடிக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் லிட்டர் வைத்தாலும் வாரத்துக்கு அதே பதினைந்து குடத்தை ஒட்டித்தான் வரும். பிகேஎம் 1-க்கு எக்டேருக்கு 30 டன் விளைச்சல் என்பது கணக்கு. 100 சதுர அடிக்குப் பிரித்தால் 28 கிலோ. வீட்டில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டாலும் 14 கிலோ. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அதற்காகப் புல்லைப் பெயர்த்து எறியச் சொல்லவில்லை. புழுதி அடங்கும், பிள்ளைகள் விழுந்து புரளலாம். ஆனால் தட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதல் குடம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தண்ணீர் நிறுத்தினால் அருகு பழுப்பாகிக் காய்ந்து கிடக்கும். மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கும், ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். காய் பிடித்த தக்காளியை அப்படி நிறுத்தி வைக்க முடியாது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த ஊர் சென்னை. அங்கே மே மாதம் புல்லைப் பச்சையாக வைத்துக்கொள்வது அநாவசியம்.

வெயில் ஆறு மணி நேரம் விழுகிற இடம் உங்கள் வீட்டில் ஒன்றுதான் என்றால் அதைத் தக்காளிக்குக் கொடுங்கள். அரை நிழலில் எருமைப்புல் ஓரளவு தாங்கும், அருகு தாங்காது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் என்றால் நடுவில் ஒரு அடி ஆழத்துக்குக் கடப்பைக் கல் புதையுங்கள். அருகு தக்காளிப் பாத்திக்குள் ஓடிவிட்டால் பிறகு அதுதான் களை. வடகிழக்குப் பருவமழை விழும் பகுதிக்காரர்கள் நவம்பரில் மழை படாத இடத்தில் விதை போடுங்கள். நாற்று 25 நாள் ஆனதும், மழை ஓய்வு பார்த்து டிசம்பரில் நடலாம். மார்ச் முடிவதற்குள் பறித்து முடித்துவிடுவீர்கள். அடுத்த வாரம் வெள்ளை ஈ.