13 மார்க்குக்குள் என்ன இருக்கிறது?

ஜூலை மாதத்தில் போடிமெட்டிலிருந்து இறங்கி வரும் ஜீப்பைக் கவனித்திருக்கிறீர்களா? உச்சியில் கிளம்பும்போது தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டும். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்து அடிவாரத்தில் உள்ள முந்தலை நெருங்கும்போது சாலை காய்ந்து கிடக்கும். காற்று மட்டும் ஆளைத் தள்ளும். ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டு ஈரச் சேலையோடு வீடு திரும்பும் அம்மாவைப் பார்த்து வளரும் போடிநாயக்கனூர்ப் பிள்ளைகளுக்கு இது அன்றாடக் காட்சி.

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘வளிமண்டலம்’ பாடம் இதற்கான காரணத்தைத்தான் சொல்லித் தருகிறது. மேற்கிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அதே காற்று சூடாகி வறண்டுவிடுகிறது. இந்தப் பக்கம் இருப்பது மழை மறைவுப் பகுதி.

ஆனால் தேர்வில் வரும் கேள்வி பெரும்பாலும் ‘மழை மறைவுப் பகுதி என்றால் என்ன?’ என்பதோடு நின்றுவிடுகிறது. புத்தகத்தின் இரண்டு வரியை அப்படியே எழுதினால் இரண்டு மார்க். எழுதி மார்க் வாங்கிய பிள்ளையிடம், “தென்மேற்குப் பருவத்துல மேல கொட்டுது, நம்ம ஊர்ல ஏன் தூறலோட போயிருது?” என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் விழிக்கும். பாடத்தில் குறையில்லை, பிள்ளையிடமும் இல்லை. எதை அளக்கப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் கேள்வியை எழுதியதில் இருக்கிறது குறை.

தலைப்பு வேறு, நோக்கம் வேறு

தமிழ்நாட்டின் பாடநூல்களைப் புரட்டினால் பல பாடங்களின் தொடக்கத்தில் ‘கற்றல் நோக்கங்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் பலரும் தாண்டிப் போகிற பகுதி அது. தேர்வுத் தாள் தயாரிப்பவருக்கோ புத்தகத்திலேயே முக்கியமான இடம் அதுதான்.

‘மழைப்பொழிவு’ என்பது வளிமண்டலப் பாடத்துக்குள் வரும் ஒரு தலைப்பு. ‘மழைப்பொழிவைப் பற்றி அறிவர்’ என்று எழுதினாலும் அது நல்ல நோக்கம் ஆகாது. அறிந்தார்களா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ‘மலைத்தடுப்பு மழை உண்டாகும் விதத்தைப் படம் வரைந்து விளக்குவர்’ என்றால் பார்க்கலாம். படம் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். வினைச்சொல் மாறினால் கேள்வியும் மாறிவிடும்.

அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962இல் இதற்கு ஓர் எளிய சோதனை சொன்னார். ஒரு நோக்கத்தில் மூன்று சங்கதிகள் தெளிவாக இருக்க வேண்டும்: பிள்ளை என்ன செய்து காட்டும், என்ன கொடுத்தால் செய்யும், எவ்வளவு செய்தால் போதும். நம் பாடத்துக்குப் பொருத்தினால் இப்படி வரும்: ‘மலையின் குறுக்குவெட்டுப் படமும் காற்றின் திசையும் கொடுத்தால், அதிக மழை பெறும் பக்கத்தைக் குறித்து, அதற்கு இரண்டு காரணமாவது சொல்வர்.’ இதைப் படித்த உடனே கேள்வியும் கண்ணில் தெரிகிறது, விடைக்குறிப்பும் தெரிகிறது. பாடம் நடத்தும் ஆசிரியருக்கு, கரும்பலகையில் எந்தப் படத்தைப் போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

எங்கிருந்து வந்தது?

பாடத்தை நடத்தி முடித்துவிட்டுப் பிறகு கேள்வியை யோசிப்பதுதான் பழைய வழக்கம். அதைத் திருப்பிப் போட்டவர்களில் முதன்மையானவர் ரால்ஃப் டைலர். 1930களில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ‘எட்டாண்டு ஆய்வு’க்கு மதிப்பீட்டுப் பணியைக் கவனித்தவர். நோக்கத்தை முதலில் எழுது, அதற்கேற்ற அனுபவத்தைக் கொடு, அந்த நோக்கம் நிறைவேறியதா என்று பார் என்பது 1949இல் வெளிவந்த அவரது நூலின் சாரம்.

டைலரின் மாணவர் பெஞ்சமின் ப்ளூம், சக தேர்வாளர்களோடு சேர்ந்து 1956இல் நோக்கங்களை ஆறு படிகளாக வகைப்படுத்தினார். நினைவில் கொள்வது அடிப்படி. அதற்கு மேல் புரிந்துகொள்வது, பயன்படுத்துவது, பகுத்துப் பார்ப்பது என்று படி ஏறும். 2001இல் இந்த வகைப்பாடு திருத்தப்பட்டபோது ‘புதிதாகப் படைப்பது’ உச்சிப்படிக்கு வந்தது.

இது வெளிநாட்டோடு நின்றுவிடவில்லை. 1957இல் ப்ளூமே இந்தியா வந்து, இங்குள்ள ஆசிரியர்களோடும் தேர்வுத் துறையினரோடும் பட்டறைகள் நடத்தினார். அடுத்த ஆண்டே மத்தியத் தேர்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. எதற்கு எத்தனை மார்க் என்று வினாத்தாளுக்கு முன்கூட்டியே ‘ப்ளூ பிரிண்ட்’ போடும் பழக்கம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

பின்னர் 2017 பிப்ரவரியில், கல்வி உரிமைச் சட்டத்துக்கான மத்திய அரசின் விதிகளில் ‘கற்றல் விளைவுகள்’ சேர்க்கப்பட்டன. எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் பிள்ளை என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியலை அதே ஆண்டில் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வின் கேள்விகள் இந்தப் பட்டியலை வைத்தே அமைந்தன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்தச் சிந்தனைக்குப் பல வடிவங்கள் உண்டு. செயல்வழிக் கற்றலில் பிள்ளை ஏணிப்படி போன்ற அட்டைகளில் ஒவ்வொன்றாக முடித்து மேலே போனது. அடுத்த படிக்குப் போகலாமா என்பதையும் ஓர் அட்டையே சோதித்தது. 2012-13இல் வந்த முப்பருவ முறை மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தது: வகுப்பு நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து திறந்த பிறகு, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கப்பட்டது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இது, அவர்களை வகுப்பை வைத்துப் பார்ப்பதில்லை. என்ன செய்யத் தெரிகிறது என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அரும்பு நிலைப் பயிற்சி. இங்கே மதிப்பீடு என்பது ரேங்க் போடும் வேலை அல்ல. நாளைக்கு எந்தப் பயிற்சி நூலைத் திறப்பது என்று முடிவு செய்யும் வேலை.

கல்லூரியிலும் இதே கதைதான். 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினர் ஆனதிலிருந்து, பொறியியல் கல்வியில் ‘விளைவு சார்ந்த கல்வி’ வேரூன்றிவிட்டது. பொறியியல் கல்லூரி உள்தேர்வுத் தாளை எடுத்துப் பார்த்தால் கேள்விக்குப் பக்கத்தில் ‘சிஓ 2’, ‘கே 3’ என்று குறித்திருப்பார்கள். முதலாவது அந்தக் கேள்வி எந்த நோக்கத்துக்கு உரியது என்பது. இரண்டாவது ப்ளூமின் எந்தப் படியில் இருக்கிறது என்பது.

25 மார்க்குக்கு ஒரு திட்டம்

மழைப்பொழிவுக்கு 25 மார்க்கில் அலகுத் தேர்வு வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேள்விகளை எழுதும் முன் ஆசிரியர் ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதுகிறார்:

1. மழையின் வகைகளை அடையாளம் காண்பது: 5 மார்க்
2. மலைத்தடுப்பு மழையைப் படம் வரைந்து விளக்குவது: 8 மார்க்
3. அறிந்ததைத் தெரிந்த ஓர் இடத்துக்குப் பொருத்திக் காரணம் சொல்வது: 8 மார்க்
4. மாதவாரி மழை அளவை வரைபடமாக்கிப் படிப்பது: 4 மார்க்

மார்க்கைப் பிரித்தது குத்துமதிப்பாக அல்ல. வகுப்பில் எதற்கு அதிக நேரம் கொடுத்தாரோ, எது இல்லாவிட்டால் அடுத்த பாடம் ஏறாதோ, அதற்கு அதிக மார்க். இனிக் கேள்வி எழுதுவது சுலபம். முதல் வரிக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே போதும். இரண்டாம் வரிக்கு அப்படிப்பட்ட கேள்வி உதவாது. வரைய வைத்தால்தான் தெரியும். மூன்றாம் வரிக்கு, ‘போடிமெட்டில் நனைந்த ஜீப் முந்தலில் காய்ந்த சாலைக்கு வருகிறது. ஏன்?’ என்று கேட்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இதே ஜீப் உதாரணத்தை வகுப்பில் சொல்லி விடையையும் எழுதிப் போட்டிருந்தால், தேர்வில் அது காரணம் கேட்கும் கேள்வியாக இருக்காது. மனப்பாடக் கேள்வியாகச் சுருங்கிவிடும். அப்போது வால்பாறையையும் பொள்ளாச்சியையும் கொடுத்துக் கேட்க வேண்டும்.

தாளைத் திருத்தியாயிற்று. இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் 13. முதல் பிள்ளைக்கு வரிசையாக 5, 7, 0, 1. இரண்டாம் பிள்ளைக்கு 1, 3, 7, 2. முன்னது புத்தகத்தை நன்றாகப் படித்திருக்கிறது. புத்தகத்துக்கு வெளியே வந்தால் தடுமாறுகிறது. பின்னதற்கு விஷயம் பிடிபட்டிருக்கிறது. பெயர்கள் பழகவில்லை, படம் போட வரவில்லை. ஒரே மார்க் என்றாலும் ஒரே உதவி இருவருக்கும் பொருந்தாது. 13 என்று சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பினால் இந்த வித்தியாசம் அந்த வட்டத்துக்குள்ளேயே புதைந்துவிடும்.

ஏலக்காய்க்குத் தெரிந்த கணக்கு

போடிநாயக்கனூருக்கு இது புதிய தத்துவம் அல்ல. ஏலக்காயை வெறும் மூட்டை எடையை வைத்து இங்கே யாரும் மதிப்பதில்லை. பருமனைச் சல்லடை சொல்லும். உள்ளே அரிசி நிறைந்திருக்கிறதா, பொக்கா என்பதை லிட்டர் எடை சொல்லும். நிறத்தைக் கண் சொல்லும். அக்மார்க் தரத்தில் ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்று பெயர் வாங்க 7 மில்லிமீட்டர் பருமன் மட்டும் போதாது. ஒரு லிட்டர் காய் குறைந்தது 435 கிராம் நிற்க வேண்டும். பருத்துக் காட்டும் காய் லிட்டர் எடையில் தோற்பதுண்டு.

எந்தக் குணத்துக்கு எந்தக் கருவி என்று முடிவு செய்துகொண்டு அளப்பதுதான் இதன் சூட்சுமம். வகுப்பறையிலும் அதே கதை. ஒற்றைச் சல்லடையில் எல்லாவற்றையும் சலித்தால், சலித்தது பருமன் மட்டுமே.

எங்கே சறுக்கும்?

முதல் சறுக்கல், நோக்கத்தை மறந்து வேறொன்றை அளந்துவிடுவது. கோட்டகுடி மலைப்பக்கத்தில், வீட்டில் முதுவான் மொழி பேசும் பிள்ளை, மழை ஏன் பெய்கிறது என்பதைக் கையை அசைத்து வாயால் அழகாகச் சொல்லிவிடும். எழுதும்போது ‘ற’கரம், ‘ர’கரம் மாறும். நோக்கம் காரணம் சொல்வது என்றால், எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்கக் கூடாது. எழுத்தைத் திருத்த மொழிப் பாடம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வாய்மொழித் தேர்வு வைப்பது சலுகை ஆகாது; சரியான கருவியை எடுத்ததாகத்தான் பொருள்.

இரண்டாவது, திட்டமே சூத்திரமாகிவிடுவது. பொதுத் தேர்வுகளில் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்ற ப்ளூ பிரிண்ட் எல்லோருக்கும் தெரிந்திருந்த காலத்தில், எந்தப் பாடத்தை விட்டால் நட்டமில்லை என்று கணக்குப் போட்டுப் படித்தார்கள். பாடத்தின் பெயரை வைத்துத் திட்டமிட்டதன் விளைவு அது. செய்து காட்டும் திறனை வைத்துத் திட்டமிட்டால், விட்டுவிட்டுப் போகப் பாடம் கிடைக்காது.

மூன்றாவது, ஏட்டுச் சுமை. நோக்கவாரியாக மார்க்கைப் பதிவேட்டிலும் செயலியிலும் ஏற்றிவிட்டு, அடுத்த நாள் எல்லோருக்கும் அடுத்த பாடத்தை ஆரம்பித்தால் அத்தனை உழைப்பும் வீண். பெற்றோர் காய் எடுப்புக்கு மலையேறும் மாதங்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும் பிள்ளை, எந்த நோக்கம் நடந்தபோது வகுப்பில் இல்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். அந்த நோக்கத்தை மட்டும் அரைமணி நேரம் உட்கார வைத்துச் சொல்லித் தரலாம். ‘நிறைய லீவு, அதான் மார்க் இல்லை’ என்ற பேச்சால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை.

எல்லாத் தேர்வுக்கும் இப்படி விரிவாகத் திட்டமிட ஓர் ஆசிரியருக்கு நேரம் கிடைக்குமா என்று கேட்கலாம். வாரத் தேர்வுக்கு வேண்டாம். அலகுக்கு ஒரு முறை, நான்கே வரி. அந்த நான்கு வரியை வினாத்தாளுக்காக எழுதாமல், பாடம் நடத்தும் முன்பே எழுதிக்கொண்டால் நேரம் மிச்சம்தான். பாடத்தை எங்கே நிறுத்தி நடத்த வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

பெற்றோர் செய்யக்கூடியது இதைவிடச் சுலபம். விடைத்தாள் வீட்டுக்கு வந்தால் மேலே வட்டமிட்ட எண்ணை விட்டுவிட்டு உள்ளே புரட்டுங்கள். மார்க் போன இடமெல்லாம் ஒரே வகைக் கேள்வியா என்று பாருங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். “எம் புள்ளை எத்தனை மார்க் சார்?” என்று கேட்காமல், “படம் போடுற கேள்வி எல்லாத்துலயும் மார்க் போயிருக்கே சார், அதுக்கு என்ன பண்ணலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லிவிட்டு யாராலும் நகர முடியாது.