சாய்ந்து மீளும் கால்கள்

சமநிலைப் பயிற்சி என்றதும் ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. டென்னிஸில் அப்படி நிற்க நேரமே இல்லை. ஒற்றையர் களத்தின் அகலம் 8.23 மீட்டர்தான். அதற்குள் ஓடி, நின்று, மறுபக்கம் திரும்புவதை ஒரே ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான முறை செய்தாக வேண்டும். எதிராளி பந்தை அடிக்கும் கணத்தில் வீரர் ‘ஸ்பிளிட் ஸ்டெப்’ என்னும் சிறு துள்ளல் போடுவார். பாதம் தரையில் பட்டதும் பந்து வரும் பக்கம் உடலைச் சாய்த்துப் பாய்வார். சமநிலையை வேண்டுமென்றே இழப்பதில்தான் அந்த முதல் அடி பிறக்கிறது. இழந்ததை மீட்கத் தெரிந்த உடல்தான் தயங்காமல் சாயும். வேகத்தையும் நிலைப்பையும் தனித்தனித் திறமைகளாகப் பார்ப்பது தவறு என்பேன்.

கால்களில் வலு இருந்தால் போதாதா? 2022 பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதியில், நடாலுக்கு எதிராகப் பந்தைத் துரத்தி ஓடிய அலெக்சாண்டர் ஸ்வெரெவின் வலது கணுக்கால் மடங்கியது. தசைநார்கள் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. வலுவில் குறைந்தவரல்ல அவர். கணுக்கால் மடங்கிக் காயம்பட ஒரு நொடியின் சிறு பங்கே போதும். தவறை உணர்ந்து தசையை இறுக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே பாதம் ஊன்றும் முன்பே தசைகள் தயாராக இருக்க வேண்டும். உட்செவி, கண், மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்நரம்புகள் ஆகிய மூன்றும் தரும் செய்திகளைக் கோத்து மூளை இதைக் கற்கிறது. டென்னிஸில் கண் பந்தைவிட்டு அகலாது. அதனால் பாதத்தின் நிலையைச் சொல்லும் சுமை உணர்நரம்புகள் மேல் விழுகிறது. எந்தப் பயிற்சியும் எல்லா விபத்தையும் தடுக்காது. இந்த உணர்வைக் கூர்மையாக்குவதுதான் அதன் வேலை.

ஆடும் பலகையில் நிற்கப் பழகினால் பலகையில் நிற்கத்தான் வரும் என்பது இன்னொரு ஆட்சேபம். அதில் பாதி உண்மை. சமநிலைத் திறன் பழகிய அசைவோடு பெரிதும் ஒட்டிக்கொள்வதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நெதர்லாந்து வாலிபால் வீரர்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், முன்பு சுளுக்கு கண்டவர்களுக்குப் பலகைப் பயிற்சியால் மறுசுளுக்கு குறைந்தது. எனவே பலகை தொடக்கம் மட்டுமே. அடுத்து, ஒற்றைக் காலில் நின்று, வீசப்படும் பந்தைப் பிடிக்க வேண்டும்; பிறகு பக்கவாட்டில் தாவி ஒரு காலில் இறங்கி நிலைக்க வேண்டும்; கடைசியில் மட்டையோடு ஓடி, அடித்து, நடுக்களத்துக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள், ஆட்டத்தைத் தொடங்குமுன் தினமும் பத்து நிமிடம் இந்தப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.