வேலியாய் நிற்கும் ஐவர்

உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் யாரும் சொல்லாமலே விளங்கும். நெஞ்சை நிமிர்த்தி நிற்பவரால் வலையை இழுக்க முடியாது. கயிற்றை இடுப்போடு அணைத்து, முழங்காலை மடித்து, குதிக்காலை மணலில் புதைத்துத் தாழ்ந்து நிற்பவருக்குத்தான் கடல் வழிவிடும். அப்போதும் ஒருவர் முந்தி மற்றவர் பிந்தினால் பலனில்லை. அம்பா பாடுகிறவரின் குரல் விழும் இடத்தில் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுபட வேண்டும்.

தாழ்ந்து நிற்பது, குரலுக்குச் சேர்ந்து அசைவது என்ற இந்த இரண்டையும் தொழிலாகவே பயின்று பிழைப்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசைக்காரர்கள் அவர்கள். லைன்மன் என்று அழைப்பார்கள்.

ஏகாம்பரம் மைதானத்தில் நாம் பார்க்கும் உதைபந்தாட்டத்துக்கும் அந்த விளையாட்டுக்கும் பெயரளவில்தான் உறவு. அது றக்பியின் வழிவந்தது. நமது கடற்படை அணி றக்பி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அது பாதி பழகியதாகவே தோன்றும். இலங்கைக்கு அது அறவே வராததும் அல்ல. 2012இல் எலீற் ஃபுட்போல் லீக் ஒஃப் இந்தியா என்ற புதிய தொடரின் முதற் பருவ ஆட்டங்கள் கொழும்பு சுகததாச அரங்கில் நடந்தன. கொழும்பு லயன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. ஆனால் அந்த விளையாட்டு இங்கே வேர்விடவில்லை.

ஆட்டத்தின் கணக்கு எளிது. அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் 10 யார், அதாவது ஏறத்தாழ 9 மீற்றர் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். பந்தை எறிபவர் குவாட்டர்பக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வேலியாக நிற்பார்கள். நடுவில் சென்ரர், அவருக்கு இரு பக்கமும் கார்ட், இரு ஓரங்களிலும் டக்கிள். குவாட்டர்பக்கை வீழ்த்த எதிரணியினர் பாய்ந்து வருவார்கள். ஐவரும் அவருக்கு வாங்கித் தருவது மூன்று வினாடி. அதற்குள் அவர் பந்தை எறிந்துவிட வேண்டும்.

சென்ரர் தன் கால்களுக்கு இடையால் பந்தைப் பின்னே கொடுத்து ஆட்டத்தைத் தொடக்கி வைப்பார். அதற்குப் பிறகு அநேகமாக இந்த ஐவரின் கையில் பந்து வராது. முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கவும் வழக்கமாக அவர்களுக்கு அனுமதி இல்லை. புள்ளிப் பலகையில் அவர்களுக்கென்று ஓர் எண்ணும் ஏறாது. நடுவர் அவர்களில் ஒருவரின் இலக்கத்தை ஒலிபெருக்கியில் சொன்னால், அவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்றே பொருள். என்னை இந்தத் தொழிலின் பக்கம் இழுத்ததே இதுதான்.

பருத்த உடம்பு இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். எடை சராசரியாக 140 கிலோ இருக்கும் என்பது உண்மை. ஆனால் எதிரே வருபவரும் அதே அளவு ஆள்தான்; அவர் முன்னோக்கிப் பாய்கிறார், லைன்மனோ பின்னோக்கி நகர்ந்தபடி அவரை மறிக்க வேண்டும். பின்காலை உதைத்து, முன்காலைத் தரையோடு வழுக்கி, இடுப்பைத் தாழ்த்தியபடியே நண்டைப் போலப் பின்னால் போவார்கள். கால்கள் ஒன்றையொன்று தாண்டினால் அந்தக் கணமே சாய்த்து விடுவார்கள். எவர் தாழ்வாக இருக்கிறாரோ அவருடைய உந்துவிசை மற்றவரின் நெஞ்சுக்குக் கீழே புகுந்து மேலே தூக்கும். கரைவலைக்காரருக்கு இந்தப் பௌதிகத்தைப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அடுத்தது கை. முற்காலத்தில் கையை நீட்டி மறிக்கவே விதி இடம் தரவில்லை. 1978இல்தான் விரித்த கையோடு, முழங்கையை நீட்டித் தள்ளலாம் என்று மாற்றினார்கள். இன்றும் உள்ளங்கை எதிராளியின் நெஞ்சுச் சட்டகத்துக்குள் பதிய வேண்டும். தோளுக்கு வெளியே பிடித்து இழுத்தால் 10 யார் தண்டம். பந்து அசையுமுன் ஒரு தசை துடித்தாலும் 5 யார் தண்டம். இத்தனை கட்டுக்குள் லைன்மனுக்கு உள்ள ஒரே அனுகூலம், குவாட்டர்பக் கூவும் குரலில் எந்த ஒலிக்குப் பந்து அசையும் என்று அவருக்குத் தெரியும், எதிரிக்குத் தெரியாது. அவர்களுடைய அம்பா அது.

ஐந்து இடங்களிலும் இடது ஓரத்து டக்கிளுக்கு மதிப்பு அதிகம். வலக்கையால் எறியும் குவாட்டர்பக் எறியத் திரும்பும்போது இடப்பக்கம் அவர் முதுகுக்குப் போய்விடும். அங்கிருந்து வருபவரை அவர் காணமாட்டார். 1985 நவம்பர் 18 இரவு, வோஷிங்டன் அணியின் குவாட்டர்பக் ஜோ தைஸ்மனை எதிரணியின் லோரன்ஸ் ரெய்லர் வீழ்த்தியபோது அவருடைய கால் எலும்பு முறிந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தைஸ்மன் அதன்பின் ஆடவில்லை. முதுகைக் காப்பவரின் விலை அமெரிக்காவுக்கு உறைத்தது இப்படியான இரவுகளால்தான்.

இந்தத் தொழிலுக்கு ஒருவர் எப்படி வருகிறார்? பெரும்பாலும் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் என்ற படிகளில் ஏறித்தான். ஜோர்டன் மைலாட்டாவின் கதை வேறு. சிட்னியில் சமோவா வம்சாவழிப் பெற்றோருக்குப் பிறந்து றக்பி லீக் ஆடியவர். உயரம் 6 அடி 8 அங்குலம். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு போட்டிகூட ஆடாத அவரை 2018இன் வீரர் தெரிவில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 233ஆவது ஆளாக எடுத்தது. நிற்கும் முறையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்றார். களத்தில் இறங்க 2020 ஆனது. 2025 பெப்ரவரியில் அவருடைய அணி சுப்பர் போல் என்னும் இறுதிப் போட்டியை வென்றபோது இடது டக்கிள் அவர்தான்.

எனக்கு மிகவும் பிடித்த லைன்மன் ஜோ தோமஸ். 2007இல் வீரர் தெரிவு நடந்த நாளில் நியூயோர்க் மேடைக்கு வரச்சொன்னார்கள். அவரோ தகப்பனோடு மிச்சிகன் ஏரியில் மீன்பிடிக்கப் போய்விட்டார். மூன்றாவது ஆளாக கிளீவ்லண்ட் பிறவுண்ஸ் தன்னை எடுத்த செய்தி படகில் இருந்தபோதே அவருக்கு வந்தது. அன்றிலிருந்து 2017 ஒக்டோபரில் இடது கையின் தசைநார் அறுந்த நாள்வரை, தன் அணி பந்து ஆடிய ஒரு முறையும் அவர் வெளியே உட்காரவில்லை. தொடர்ந்து 10,363 முறை. அத்தனை ஆண்டுகளில் அவருடைய அணி ஒருமுறைகூட இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. குவாட்டர்பக் மாறிக்கொண்டே இருந்தார், முன்னால் நின்றவர் மாறவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் 20 கிலோவுக்கு மேல் குறைந்தார். பசியில்லாமல் உண்டு சுமந்த எடை அது. 2023இல் அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

இனி, இந்தத் தொழில் உடம்பிடம் வாங்குவதைச் சொல்ல வேண்டும். பிற்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸ் அணியின் சென்ரர் மைக் வெப்ஸ்ரர் 17 பருவங்கள் ஆடி, நான்கு சுப்பர் போல் வென்றவர். நினைவு தடுமாறி, வீடிழந்து, 2002இல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த நைஜீரியாவில் பிறந்த நோயியல் மருத்துவர் பெனற் ஒமாலு, ரௌ என்ற புரதம் அசாதாரணமாகப் படிந்திருப்பதைக் கண்டார். மயங்கி விழவைக்கும் பெரிய அடி மட்டும் இதற்குக் காரணமல்ல. ஒவ்வோர் ஆட்ட அசைவிலும் லைன்மன் தலையில் வாங்கும் சின்ன இடிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து செய்யும் வேலை இது.

2017 யூலையில் பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாங்கள் சோதித்த 111 முன்னாள் தொழில்முறை வீரர்களின் மூளைகளில் 110இல் இந்தப் பாதிப்பு இருந்ததாக வெளியிட்டார்கள். ஏற்கெனவே நோய்க்குறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடையளித்ததால், எல்லா வீரர்களுக்கும் இந்த விகிதம் பொருந்தாது. ஆனாலும் புறந்தள்ளக்கூடிய எண் அல்ல அது. இரண்டு நாள் கழித்து, பால்ரிமோர் றேவன்ஸ் அணியின் கார்ட் ஜோன் ஊர்ஷல் ஓய்வை அறிவித்தார். வயது 26, ஆடியது மூன்று பருவம். அப்போதே அவர் எம்.ஐ.டி.யில் கணித ஆய்வு மாணவர். இன்று அங்கேயே கணிதம் கற்பிக்கிறார்.