நேற்றுப் பிறந்த இங்கிலீஷ்

ஆங்கிலம் கற்கும் மாணவன் ஒருவன் பத்திரிகையைப் பிரிக்கிறான். 'ஷாப்பஹாலிக்' என்று ஒரு சொல் வருகிறது. தன்னிடமுள்ள பழைய அகராதியைப் புரட்டுகிறான். அதில் இல்லை. "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறான்! குற்றம் அவனுடையதா? சொற்களை நெட்டுருப் போடச் சொன்னோமே தவிர, அவை எப்படிப் பிறக்கின்றன என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்ற பெண்மணி 1958-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். வேடிக்கையான சோதனை அது. குருவி போன்ற ஒரு படத்தைக் குழந்தைகளிடம் காட்டி, "இது ஒரு வக்" என்பார். அப்படி ஒரு பறவையும் கிடையாது, சொல்லும் கிடையாது. பிறகு அதே போல் இரண்டைக் காட்டி, "இப்போது இரண்டு..." என்று நிறுத்துவார். "வக்ஸ்" என்று பெரும்பாலான பிள்ளைகள் முடித்தார்கள். கேட்டே அறியாத சொல்லுக்குப் பன்மை எங்கிருந்து வந்தது? மனப்பாடத்திலிருந்து வந்திருக்க முடியாதல்லவா?

தாய்மொழிக் குழந்தைக்கு இந்த விதி தானே படிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

ஒட்டு எங்கே?

புகைக்கு 'ஸ்மோக்', மூடுபனிக்கு 'ஃபாக்'. ஒன்றின் தலையும் மற்றதன் வாலும் சேர்ந்து 'ஸ்மாக்' ஆயிற்று. இது எளிது. சுவாரஸ்யம், தப்பாக வெட்டிய சொற்களில்தான் இருக்கிறது.

'ஆல்கஹால்' என்பது மது. அதற்கு அடிமையானவன் 'ஆல்கஹாலிக்'. முறைப்படி வெட்டினால் வாலில் மிஞ்சுவது 'இக்' மட்டுமே. ஆனால் 1971-ல் வேயின் ஓட்ஸ் என்ற அமெரிக்கர், ஓயாமல் உழைப்பவர்களைப் பற்றிய தம் நூலின் தலைப்பிலேயே 'வொர்க்கஹாலிக்' என்று போட்டார். வால் நீண்டுவிட்டது! இன்று 'அஹாலிக்' என்று முடிந்தாலே ஏதோ ஒன்றுக்கு அடிமை என்று பொருள். கடை கடையாக ஏறி வாங்கித் தீர்ப்பவர்தான் நம் மாணவன் கண்ட 'ஷாப்பஹாலிக்'.

ஹாம்பர்கர் கதையும் இதுதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துப் பெயர் அது. 'ஹாம்' என்றால் பன்றித் தொடை இறைச்சி என்றும் ஒரு பொருள் உண்டே! ஜனங்கள் அங்கேயே வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய 'பர்கர்' சீஸோடும் சேர்ந்தது, காய்கறியோடும் சேர்ந்தது. இதைக் கேட்டுச் சிரித்த பையன் பிறகு மறப்பானா?

அதற்காகப் புதிதாக முளைத்ததையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடவேண்டாம். புத்தக அட்டையில் அச்சிடும் புகழுரைக்கு 'பிளர்ப்' என்று 1907-ல் பெயர் சூட்டியவர் கெலெட் பர்ஜஸ். அவரே 1914-ல் நூறு சொற்களை உண்டாக்கி ஓர் அகராதியே போட்டார். 'பிளர்ப்' நிலைத்தது. மற்றவற்றை இன்று சீந்துவார் இல்லை. சொல்லைச் செய்தவர் பிழைத்தார், சொற்கள் பிழைக்கவில்லை.

சிவப்பு மை

'போஸ்ட்போன்' என்றால் பிந்திய நாளுக்குத் தள்ளிப்போடுவது. பின் என்னும் 'போஸ்ட்'டை எடுத்துவிட்டு முன் என்னும் 'ப்ரீ'யை வைத்தால் 'ப்ரீபோன்'. நம் நாட்டு அலுவலகங்களில் நாள்தோறும் புழங்கும் சொல். ஆக்ஸ்போர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. ஆயினும் விடைத்தாளில் கண்டால் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர்கள் இன்றும் உண்டு.

வெறுமனே அடிப்பது நியாயமில்லை. சொல்லின் கட்டுமானத்தில் பழுதே இல்லை. பையன் விதியைச் சரியாகப் பிடித்திருக்கிறான். ஆனால் லண்டனில் உள்ள ஒருவருக்கு அப்படி எழுதினால் அவர் திகைக்கக்கூடும். அங்கே 'பிரிங் ஃபார்வர்ட்' என்று எழுதினால் காரியம் நடக்கும். சிவப்புக் கோட்டின் பக்கத்தில் இதையும் இரண்டு வரியில் எழுதிக் கொடுக்க ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?