அரிக்கமேட்டில் காணாமல் போன சுவர்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே நாலைந்து கிலோமீட்டர் போனால் அரியாங்குப்பம். அங்கே ஆற்றங்கரையில், காக்காயன்தோப்பை ஒட்டி மாமரமும் தென்னையுமாக நிற்கிற மேடுதான் அரிக்கமேடு. ரோமானியரோடு வணிகம் நடந்த ஊர் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அதே மண்ணில் சோழர் காலமும் கிடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுத்தவை அகழாய்வுக் குழிகள்.

1945இல், பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த இந்தத் தோப்பில் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் குழி வெட்டினார். மேட்டை மொத்தமாகத் தோண்டக் கூடாது; ஒருமுறை கலைத்த மண்ணை மறுபடி அடுக்க முடியாது. அதனால் கயிறு கட்டிக் குழிகளை அளந்து குறிப்பார்கள். இரண்டு குழிக்கு நடுவே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் சுவராக விடுவார்கள். அந்தச் சுவரின் முகத்தில்தான் காலம் அடுக்கடுக்காகத் தெரியும். நிறம், கரி, பானை ஓடு ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு அடுக்குக்கும் எண் கொடுப்பார்கள். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது.

இந்த வரிசை குலைகிற இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கெட்டி மண்ணைச் சுரண்டிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் மட்டும் மண் பொலபொலவென்று உதிரும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் இரண்டு மண்ணின் நிறமும் பிரிந்துவிடும். உதிரி மண்ணை மட்டும் வழித்தெடுத்தால் நேர்கோடாக ஒரு பள்ளம், அதற்குள் உடைந்த செங்கல் துண்டுகள். யாரோ செங்கலுக்காகச் சுவரையே அடியோடு பெயர்த்துப் போயிருக்கிறார்கள். சுவர் போனாலும் அது ஓடிய திசையும் அதன் அகலமும் பள்ளத்தில் பதிந்திருக்கும். பள்ளத்தை நிரப்பிய மண்ணில் ஒரு காசு கிடைத்தால், அந்தக் காசு அடிக்கப்பட்ட காலத்துக்கு முன்பு பள்ளம் மூடப்பட்டிருக்க முடியாது என்றும் தெரிந்துவிடும்.

அரிக்கமேட்டில் இப்படிச் செங்கல் பெயர்த்த பள்ளங்கள் ஏராளம். சோழர் காசுகளும் சீனத்துப் பச்சைப் பீங்கான் ஓடுகளும் இங்கே கிடைத்தன. இடைக்காலத்தில் ஆட்கள் வந்தது பழைய செங்கலை எடுக்கத்தான் என்பது வீலரின் முடிவு. 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து மறுபடி குழி வெட்டினார். வீலர் சொன்ன காலத்துக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, அவர் முடித்த காலத்துக்குப் பிறகும் இருந்தது என்று பெக்லியின் ஆய்வு காட்டியது. ரோமானிய மதுச்சாடிக்குக் கிடைத்த புகழில் பாதிகூட அந்தப் பச்சைப் பீங்கானுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அதுவும் கடல் கடந்து வந்த சரக்குதானே!

இன்று போனால் குழி எதையும் பார்க்க முடியாது, மண் மூடிவிட்டது. தோப்பில் நிற்கிற செங்கல் சுவர் ரோமானியர் காலத்ததும் அல்ல, சோழர் காலத்ததும் அல்ல; 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திய குருமடத்தின் மிச்சம். குழிகளில் கிடைத்தவற்றைப் பார்க்க, நகருக்குத் திரும்பிப் பாரதி பூங்காவை அடுத்துள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.