பொங்கலுக்கு ஊருக்குப் போனால் காரட் வெடிக்கும்!

கோயமுத்தூரில் ஒரு வீடு. புழக்கடையில் நாலடிக்கு நாலடியில் ஒரு பாத்தி. கார்த்திகை பிறந்ததும் அந்த வீட்டு மருமகள் அதில் காரட் விதை தூவினாள். தை பிறந்தபோது தழை பச்சைப் பசேலென்று அடர்ந்து நின்றது. பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போனார்கள். எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், பாத்தி காய்ந்து கட்டாந்தரையாகியிருந்தது. தழை துவண்டு கிடந்தது. பதறிப்போன மருமகள், ஐந்து குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஒரே மூச்சில் கொட்டினாள். மறுநாள் காலையில் தழை நிமிர்ந்துவிட்டது.

"பொழைச்சுக்கிச்சுங்க அத்தை!" என்றாள் மாமியாரிடம்.

மாசியில் பிடுங்கியபோதுதான் சங்கதி தெரிந்தது. கிழங்குகள் மேலிருந்து கீழாக, கத்தியால் கீறியதுபோல் பிளந்திருந்தன. மூன்று மாதப் பாடு!

"உரம் பத்தலையோ கண்ணு?" என்றாள் மாமியார்.

உரத்தின்மேல் குற்றமே இல்லை. அந்த ஐந்து குடம் தண்ணீர் செய்த வேலை அது. மண் காயும்போது கிழங்கின் வளர்ச்சி நின்று, தோல் இறுகிப்போகிறது. பிறகு திடீரென்று தண்ணீர் கிடைத்ததும் உள்ளே இருக்கும் சதை மளமளவென்று பருக்கிறது. இறுகிய தோல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கிறது. தக்காளியும் மாதுளையும் செடியிலேயே வெடிப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கத்தரியும் வெண்டையும் பராமரிப்பில் வந்த தவறைக் காயிலோ இலையிலோ சீக்கிரம் காட்டிக் கொடுத்துவிடும். காரட் அப்படியல்ல. மேலே தழை சிரித்துக்கொண்டிருக்கும். கீழே நடப்பது பிடுங்குகிற நாளில்தான் தெரியும். அன்றைக்குத் திருத்த ஒன்றுமிருக்காது.

ஊருக்குப் போவதைத் தவிர்க்கச் சொல்வது நியாயமல்ல. பொங்கல் ஆண்டுக்கு ஒரு தடவைதான் வருகிறது. புறப்படுகிற அன்று காலையில் ஆழமாக நனையும்படி தண்ணீர் விட்டு, வரிசைகளுக்கு நடுவே காய்ந்த சருகை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பிவிட வேண்டும். நடுவில் ஒரு நாள் ஒன்றரைக் குடம் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டால் போதும். அதையும் மறந்துவிட்டார்களா? திரும்பி வந்ததும் ஆத்திரப்படக் கூடாது. முதல் நாள் அரைக் குடம், மறுநாள் அரைக் குடம் என்று நாலைந்து நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி கொடுத்த பிறகல்லவா விருந்து வைப்போம்!

முளைக்கும் வரை பொறுமை

காரட்டுக்கு மஞ்சள் முள்ளங்கி என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் முள்ளங்கிக்கும் அதற்கும் உறவே கிடையாது. கொத்தமல்லி, சீரகம், ஓமம் ஆகியவைதான் அதன் சொந்தக்காரர்கள். தழையைப் பார்த்தாலே தெரியும். முள்ளங்கி நாலைந்து நாளில் முளைத்துவிடும். காரட்டோ பத்து நாளும் எடுக்கும், இருபது நாளும் எடுக்கும். பலர் தோற்பது இங்கேதான். முதல் வாரம் ஆசையாக நீர் தெளிப்பார்கள். இரண்டாவது வாரம், "விதை சொத்தை" என்று விட்டுவிடுவார்கள். விதைமேல் பழி போட்டாயிற்று!

இந்த விதையை அரை அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்க முடியாது. அந்த மேல் மண்ணோ உச்சி வெயிலில் சீக்கிரம் உலர்ந்துவிடும். முளைக்கத் தொடங்கிய விதை அப்போது காய்ந்தால் அதோடு சரி. தண்ணீரைக் குடத்தோடு சாய்த்தாலும் ஆபத்துதான். விதையெல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கும். மேல் மண் காய்ந்து ஓடுபோல் இறுகிவிட்டால் மெல்லிய முளையால் அதைப் பிளந்து வர முடியாது. ஆகவே மென்மையான பூவாளியால் காலையும் மாலையும் தெளிக்க வேண்டும். நனைத்த சாக்கு ஒன்றை மேலே விரித்து வைத்தால் பாதி வேலை மிச்சம். ஆனால் ஆறாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் முளை கண்ணில் பட்டதும் எடுத்துவிட வேண்டும். சில முள்ளங்கி விதைகளையும் காரட்டோடு கலந்து விதைப்பவர்கள் உண்டு. முள்ளங்கி முந்தி முளைத்து மண்ணை இளக்கி வழிவிடும்.

எத்தனை குடம்?

முளைத்த பிறகு முறை தலைகீழாக மாறுகிறது. அடிக்கடி தெளிப்பதை விட்டு, இடைவெளி கொடுத்து ஆழமாக நனைக்க வேண்டும். தழை இரண்டு விரல் உயரம் இருக்கும்போதே ஆணிவேர் நீளத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். கிழங்கின் நீளம் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது, பருமன் பிறகுதான். மேல் மண்ணை மட்டும் தினமும் ஈரமாக்கினால் வேருக்கு ஆழத்தில் என்ன வேலை? மண்ணில் தண்ணீர் தேங்கி நின்றாலோ வேரின் நுனி அழுகி, கிழங்கு இரண்டு மூன்று கால்களாகக் கிளைக்கும்.

வாரத்துக்கு ஓர் அங்குல மழை பெய்தால் எவ்வளவோ, அவ்வளவு தண்ணீர் காரட்டுக்கு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நாலடிச் சதுரப் பாத்திக்கு அது ஏறத்தாழ 38 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் இரண்டரைக் குடம். இதை இரண்டு தடவையாகப் பிரித்து ஊற்றலாம். வெயில் கடுத்தால் மூன்றரைக் குடம்கூட ஆகும். மணற்பாங்கான மண்ணுக்கு மூன்று தடவை தேவைப்படும். கணக்கில் சந்தேகம் வந்தால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்க்கலாம். நுனியில் ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். ஊற்றுவது காலையிலேயே நல்லது. இரவெல்லாம் தழை ஈரமாக இருந்தால் இலைக்கருகல் நோய் தொற்றுவதற்கு வசதியாகிவிடும்.

நெருக்கமாக முளைத்த செடிகளைக் களையும்போதும் முதலில் மண்ணை நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த மண்ணில் ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசைந்துவிடும்.

அளவைப் போலத் தண்ணீரின் குணமும் முக்கியம். உப்பைச் சிறிதும் தாங்காத காய்கறிகளில் காரட் ஒன்று. தென்னை குடிக்கிற உப்புத் தண்ணீரைக் காரட் குடிக்காது. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் இப்போது அநேகம். நல்ல எண்ணந்தான். ஆனால் கருவிக்குள் போகும் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். அதை வீடு கழுவ வைத்துக்கொள்ளலாம். அரிசி களைந்த தண்ணீரும், காய்கறி கழுவிய தண்ணீரும் காரட்டுக்கு ஆகும். சோப்புத் தண்ணீர் ஆகாது.

ஊட்டிக் காரட்டைப் பார்த்து ஏங்குவதில் பயனில்லை. 1819-ல் நீலகிரி மலை ஏறிய கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், இங்கிலீஷ் காய்கறிகளை அங்கே பயிரிட்டுப் பார்த்தார். அந்தக் குளிர் அவற்றுக்கு ஒத்துக்கொண்டது. சமவெளியில் அந்தக் குளிர் கிடையாது. மழைக்காலம் முடிந்த பிறகு குளிர்ந்த மாதங்களில், வெப்பம் தாங்கும் பூசா கேசர் போன்ற ரகத்தைப் போட்டால் நல்ல கிழங்கு எடுக்கலாம். மலையிலும் மழையில்லாத மாதங்களில் தண்ணீர் பாய்ச்சித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் கரைந்து கிழங்கின் தோள் வெளியே தெரியும். வெயில் பட்டால் அந்த இடம் பச்சையாகிக் கசக்கும். ஒரு பிடி மண்ணை இழுத்து மூடிவிட வேண்டும்.

கடைசி இரண்டு மூன்று வாரம் தண்ணீரைப் படிப்படியாகப் பாதிக்குக் குறைக்கலாம். அடியோடு நிறுத்தக் கூடாது. பிடுங்குவதற்கு முதல் நாள் மாலை பாத்தியை லேசாக நனைத்துவைத்தால் கிழங்கு முறியாமல் வரும். வெடித்த கிழங்கு வந்தாலும் குப்பையில் போட வேண்டியதில்லை. அது நாள் தாங்காது, அவ்வளவுதான். அன்றே துருவிப் பொரியலோ அல்வாவோ செய்துவிடலாம். மற்றவற்றின் தழையை உடனே நறுக்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் கிழங்கில் இருக்கிற தண்ணீரைத் தழை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் பிடுங்கிய காரட் மாலைக்குள் துவண்டுவிடும்.